வாய்தாவின் விலை

வக்கீல் வைக்காமல் விவாகரத்து வாங்க முடியுமா என்ற கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேடினால் உடனே கிடைத்துவிடும்: முடியும். 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் அதற்கும் ஒரு படி மேலே போகிறது. அந்த நீதிமன்றத்தில் தன் சார்பில் ஒரு வக்கீல் நின்று வாதாட வேண்டும் என்று உரிமையோடு கேட்க எந்தத் தரப்புக்கும் இடமில்லை என்கிறது அதன் 13-வது பிரிவு. சட்டம் தெரிந்த ஒருவரின் துணை வேண்டுமென்றால் நீதிமன்றமே ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். சாட்சியச் சட்டம் தள்ளிவைக்கும் ஆவணத்தைக்கூட, வழக்கைத் தீர்க்க உதவுமானால் பார்க்கலாம் என்கிறது 14-வது பிரிவு. சாட்சி சொல்வதை வரிக்கு வரி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், சாரத்தைக் குறித்துக்கொண்டால் போதும் என்கிறது 15-வது. குடும்ப வழக்கை நிலத்தகராறு போல நடத்தக் கூடாது என்று சட்ட ஆணையம் 1974-ல் தன் 59-வது அறிக்கையில் சொன்னது. அந்த யோசனை பத்தாண்டு கழித்துச் சட்டமானபோது இந்தப் பிரிவுகள் வந்தன. புருஷனும் பெண்டாட்டியும் நீதிபதியின் முன் நேரே நின்று தங்கள் வாயால் பேச வேண்டும் என்பதுதான் அதை எழுதியவர்களின் எண்ணம். நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்று எந்தக் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போனாலும் வாசலில் கறுப்பு கவுன்தான் முதலில் கண்ணில் படுகிறது. "உரிமையாகக் கேட்க முடியாது" என்றால் "அனுமதி வாங்கிக்கொண்டு வரலாம்" என்று பொருள் கொண்டார்கள். அந்த அனுமதியும் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும் சடங்காகிவிட்டது. 13-வது பிரிவு புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

வக்கீல்களைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. சட்டமே வேண்டாம் என்று சொன்ன பிறகும் மக்கள் ஏன் கடன் வாங்கியாவது வக்கீல் வைக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. சட்டம் சிக்கலானது, பாமரருக்குப் புரியாது என்பது வழக்கமான பதில். பாதிக்குப் பாதி வழக்குகளில்கூட அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீலகிரியை வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மலையில் ஒருவர் வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சட்ட அறிவுக்கான விலையே இல்லை. வாய்தாவுக்கு வாய்தா தான் நேரில் போய் நிற்காமல் இருப்பதற்கான விலை அது.

கணக்கைப் பாருங்கள். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், குந்தா, பந்தலூர் என்று ஆறு தாலுகா. 2011 கணக்கெடுப்பில் மாவட்டம் முழுவதற்கும் மக்கள்தொகை 7,35,394. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரத்துக்குத்தான் குடும்பநல நீதிமன்றம் கட்டாயம் என்கிறது 1984 சட்டம். மற்ற இடங்களில் மாநில அரசு விரும்பினால் அமைக்கலாம். ஒரு மாவட்டத்தையே கூட்டிப் போட்டாலும் அந்த எல்லையை எட்டாத ஊர் இது. சட்டத்தை எழுதியவர்களின் கண்முன்னே பம்பாயும் சென்னையும் இருந்திருக்கும், பந்தலூர் இருந்திருக்காது. தாலுகா ஊர்களில் முன்சீப் நீதிமன்றங்கள் இருந்தாலும் விவாகரத்து மனுவை அங்கே போட முடியாது. குடும்பநல நீதிமன்றம் அல்லது சார்பு நீதிமன்றம்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது உதகைப் பயணம்.

பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்கு வாய்தா நாள் எப்படிப் போகும் என்று பார்ப்போம். காலை பத்தரைக்கு நீதிபதி இருக்கையில் அமர்வார். பெயரைக் கூப்பிடும்போது மனுதாரர் இல்லையென்றால் மனு தள்ளுபடியாகலாம். எதிர்மனுதாரர் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி ஆகி, அவர் இல்லாமலே வழக்கு நடக்கலாம். ஆகவே விடிவதற்கு முன்பே கிளம்பியாக வேண்டும். முதலில் கூடலூருக்கு ஒரு பஸ். அங்கிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மலைச்சாலை. மழைக்காலமென்றால் எங்கே மரம் விழுந்திருக்கும், எங்கே மண் சரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. மே மாதமென்றால் சுற்றுலா வண்டிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும். வந்து சேர்ந்து, மர பெஞ்சில் இடம் பிடித்து, டவாலி பெயரைக் கூப்பிடும்வரை காத்திருந்தால் கிடைக்கும் பதில், "எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேரவில்லை, அடுத்த மாதம் வாம்மா" என்பதாக இருக்கும். இல்லாவிட்டால் நீதிபதி விடுப்பு. இல்லாவிட்டால் வக்கீல்களின் புறக்கணிப்பு. உள்ளே நின்றது இரண்டு நிமிடம். அதற்குள் எஸ்டேட் மஸ்டரில் அன்றைய பெயர் விழவில்லை, கூலி போயிற்று. கைக்குழந்தை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பாள். வக்கீல் வைத்தவளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் எழுந்து நின்று இரண்டு வார்த்தை சொல்லி அடுத்த தேதியை வாங்கிக்கொள்வார். வாக்குமூலம், குறுக்கு விசாரணை போன்ற நாட்களுக்கு மட்டும் அவள் வந்தால் போதும். கட்டணம் எதற்குப் போகிறது என்று இப்போது விளங்கும். இந்து திருமணச் சட்டத்தின் 21-பி பிரிவு விசாரணையை நாள்தோறும் தொடர்ந்து நடத்து, ஆறு மாதத்துக்குள் முடிக்கப் பார் என்று நீதிமன்றத்துக்குச் சொல்லியிருக்கிறது. அது நடந்திருந்தால் வாய்தாவுக்காக வக்கீல் வைக்கும் பழக்கமே வளர்ந்திருக்காது.

சரி, வாய்தாவைக் கழித்துவிட்டால் வக்கீலிடம் மிச்சமிருக்கும் வேலை என்ன? அது வழக்கின் தன்மையைப் பொறுத்தது. முதலில் இருவரும் ஒப்புக்கொண்டு பிரியும் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1976-ல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவு கேட்பவை மூன்றுதான். ஓராண்டோ அதற்கு மேலோ தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியவில்லை என்று இருவரும் சொல்ல வேண்டும். பிரிந்துவிடுவது என்று இருவரும் முடிவெடுத்திருக்க வேண்டும். யார் குற்றவாளி என்ற விசாரணை கிடையாது. மனுவில் வர வேண்டியவை திருமண நாள், இடம், இருவரின் முகவரி, குழந்தைகளின் பெயரும் பிறந்த தேதியும், பிரிந்து வாழத் தொடங்கிய நாள், ஏற்கெனவே வேறு வழக்கு உண்டா என்ற விவரம், ஜீவனாம்சத்துக்கும் குழந்தைக்கும் நகைக்கும் என்ன முடிவு செய்தார்கள் என்பது. கூடவே திருமணப் பத்திரிகை, போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது. எங்கே தாக்கல் செய்யலாம் என்பதிலும் குழப்பமில்லை: திருமணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்மனுதாரர் இருக்கும் இடம்; 2003 திருத்தத்துக்குப் பிறகு மனைவி மனுதாரராக இருந்தால் அவள் இப்போது வசிக்கும் இடம். ரேஷன் கார்டில் பெயர் நீக்க மனு எழுதத் தெரிந்தவருக்கு இதில் எழுத முடியாதது எதுவும் இல்லை. தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் வழக்கில் தானே ஆஜராகும் உரிமையை உரிமையியல் நடைமுறைச் சட்டம் எந்த நீதிமன்றத்திலும் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது.

மலைத் தோட்டத்துக்கென்றே எழுதியது போன்ற ஒரு தீர்ப்பும் உண்டு. தனித்து வாழ்வது என்றால் என்ன? தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. இருவரும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தால், பிரிந்துவிட்டோம் என்பதற்காக இன்னொரு வீடு கேட்க முடியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரியும். 1991-ல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதே தனித்து வாழ்வது, எந்த இடத்தில் வாழ்கிறார்கள் என்பது முக்கியமில்லை, ஒரே வீட்டிலும் அப்படி இருக்க முடியும் என்று சொல்லிவிட்டது. முதல் மனுவுக்குப் பிறகு கடைசி வரை இருவரின் சம்மதமும் நீடிக்க வேண்டும், இடையில் ஒருவர் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம் என்பதும் அதே தீர்ப்புத்தான்.

ஒத்த மனத்தோடு வருகிறவர்களுக்கும் சட்டம் குறைந்தது இரண்டு முறை நீதிமன்றப் படியேறச் சொல்கிறது. முதல் மனுவுக்கும் இரண்டாவது மனுவுக்கும் நடுவே ஆறு மாதம். ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, சமரசம் தோற்று, ஜீவனாம்சமும் குழந்தை விஷயமும் பேசித் தீர்ந்திருந்தால் இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017 செப்டம்பரில் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்திரிகைகள் அந்தச் செய்தியோடு நிறுத்திக்கொண்டன. அதே தீர்ப்பின் கடைசிப் பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது: காணொலி வழியே விசாரிக்கலாம், நேரில் வர இயலாத நியாயமான காரணம் இருந்தால் பெற்றோரோ உடன்பிறந்தவரோ சார்பில் வரலாம். அடுத்த மாதமே சாந்தினி வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், காணொலிக்கு ஒரு வேலி போட்டது: சமரச முயற்சி முடிந்த பிறகு, இருவரும் சேர்ந்து கேட்டால்தான் அனுமதிக்கலாம். நீதிபதி சந்திரசூட் மாறுபட்டார். எதிர்த்துப் போராடும் வழக்குக்கு அந்த வேலி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். சேர்ந்து மனுப் போடுகிறவர்கள் சேர்ந்தே காணொலியும் கேட்பார்கள். அவர்களை அந்த வேலி தடுப்பதில்லை. பந்தலூர் நீதிமன்றக் கூடத்தில் இருவரையும் உட்கார வைத்து உதகை நீதிபதி திரையில் கேள்வி கேட்பதற்குச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. செய்து பார்க்கும் மனம்தான் வேண்டும்.

நீதிமன்றம் தொலைவில் இருப்பதால் மக்கள் பிரியாமல் இருந்துவிடுகிறார்களா என்றால் இல்லை. தமிழ்நாடு முழுவதும் தெரிந்த ஒரு வழி இருக்கிறது. ஒரு முத்திரைத்தாள் வாங்கி, "இன்று முதல் நமக்குள் யாதொரு சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, இரு பக்கமும் கையெழுத்துப் போட்டு, சாட்சிகள் போட்டு, நோட்டரி முத்திரையும் குத்தி வாங்கிக்கொள்வது. வக்கீல் வைக்காத விவாகரத்து என்றால் நம் ஊரில் நடைமுறையில் இதுதான். ஆனால் இந்தத் தாளால் திருமணம் முறிவதில்லை. நோட்டரிகள் திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ எழுதக் கூடாது என்று மத்திய சட்டத் துறை 2024 அக்டோபரில் மறுபடியும் நினைவூட்ட வேண்டி வந்தது. இந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தவரின் இரண்டாம் திருமணம் செல்லாது. அவர் மீது குற்ற வழக்கும் வரலாம். ஆனால் எஸ்டேட் குடும்பத்தில் இதன் அடி பெரும்பாலும் போலீஸ் நிலையத்தில் விழுவதில்லை. தொழிலாளி இறந்த பிறகு, எஸ்டேட் அலுவலக மேசையில் விழுகிறது. பி.எஃப் திட்டத்தின் குடும்ப ஓய்வூதியம் சட்டப்படியான மனைவிக்குத்தான். இருபது ஆண்டு கூட வாழ்ந்து, பிள்ளை வளர்த்து, நோயில் பார்த்துக்கொண்ட பெண் ஒரு பக்கம். முத்திரைத்தாளில் பிரிந்து போன முதல் மனைவி மறு பக்கம். இருபது ஆண்டு கூட வாழ்ந்தவளின் பெயரைக்கூடச் சட்டம் கேட்காது. நீதிமன்றத்தில் மிச்சம் பிடித்த வக்கீல் கட்டணத்தை இந்தக் குடும்பம் அன்று வட்டியோடு கட்டுகிறது.

இங்கே ஒரு எதிர்ப்பு எழும், நியாயமான எதிர்ப்பு. மலைக்கென்று வழக்கம் இல்லையா? படுகர் ஊர்களான ஹட்டிகளில் பெரியவர்கள் கூடிப் பிரித்துவைப்பதும், பிரிந்தவர்கள் மறுமணம் செய்துகொள்வதும் காலங்காலமாக நடப்பதுதானே? தோடர் திருமண முறிவில் எருமைகள் எந்தக் கணக்கில் கைமாறும் என்று மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-ல் வெளியிட்ட நூலில் எழுதவில்லையா? வக்கீலும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம், அந்த வழக்கத்தை மதித்தால் போதாதா? சட்டம் அதை மதிக்கத்தான் செய்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29-வது பிரிவு, வழக்காறு கொடுத்த விவாகரத்து உரிமையைத் தொடவில்லை. பட்டியல் பழங்குடிகளுக்கோ அந்தச் சட்டமே பொருந்தாது; மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் பொருந்தும் என்கிறது 2-வது பிரிவு. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆறு குடிகளும் அப்பட்டியலில் இருப்பவர்கள், படுகர் இல்லை. சிக்கல் நீதிமன்றத்தில் அந்த வழக்கத்தை மெய்ப்பிக்க வேண்டி வரும்போதுதான். 2002-ல் யமனாஜி ஜாதவ் வழக்கிலும், 2005-ல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன சுப்பிரமணி – சந்திரலேகா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒன்றுதான்: வழக்காற்று விவாகரத்து பொதுச் சட்டத்துக்கு விலக்கு, அப்படி ஒரு வழக்கம் தம் சமூகத்தில் உண்டு என்று மனுவில் சொல்லி, சாட்சியத்தால் நிறுவ வேண்டும். நிறுவும் பொறுப்பு அதைச் சொல்கிறவருக்கு. ஊர்க்கூட்டத்தில் வாய்வார்த்தையாக முடிந்ததை இருபது ஆண்டு கழித்து எந்தப் பெரியவர் வந்து சொல்வார்? ஆகவே வழக்கத்தின்படி பிரிந்தவர்களுக்கும் ஒரு நீதிமன்றத் தாள் வேண்டும். ஒருவரின் மணநிலையை அறிவிக்கக் கேட்கும் வழக்கைக் குடும்பநல நீதிமன்றம் எடுக்கலாம் என்று 1984 சட்டத்தின் 7-வது பிரிவு சொல்கிறது. சூடு ஆறுவதற்குள், சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே, அதைச் செய்துகொள்வது நல்லது. இதில் தனியாக இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணியர் பெண் ஒருத்தி 13-பி படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், பொருந்தாத சட்டத்தின் கீழ் வந்த மனு என்று ஆண்டுகள் கழித்து அது திரும்பலாம்.

கடல் தாண்டி ஒரு சான்றைப் பார்ப்போம். அதற்கும் இந்த மலைக்கும் தொடர்பு உண்டு. 1964-ல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது; அதுதான் பின்னாளில் டேன்டீ ஆயிற்று. கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் இன்றும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் கொழுந்து பறித்த கண்டி மலையில் இரண்டு விதமான விவாகரத்து உண்டு. கண்டிச் சிங்களவர்களுக்கு 1952-ஆம் ஆண்டின் 44-ஆம் இலக்கச் சட்டம். அதன்படி பிரிவை வழங்குவது நீதிமன்றம் கிடையாது, மாவட்டப் பதிவாளர். இருவரும் ஒப்புக்கொண்டாலும் போதும்; ஓராண்டு பிரிந்திருந்து, இணங்கி வாழ முடியவில்லை என்று காட்டினாலும் போதும். அதே மலையின் லைன் வீட்டில் இருந்த தமிழ்த் தொழிலாளிக்கு 1907-ஆம் ஆண்டின் பொதுத் திருமணச் சட்டம். அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், பிறர்மனை உறவோ, வேண்டுமென்றே கைவிட்டதோ, தீராத ஆண்மைக் குறைவோ மெய்ப்பிக்க வேண்டும். ஒரே மலை, ஒரே மழை. ஒருவருக்குப் பதிவாளரின் மேசை, இன்னொருவருக்கு நீதிமன்றக் கூண்டு. இதனால் கண்டிச் சமூகத்தில் குடும்பமே இல்லாமல் போய்விடவில்லை. ஒப்புக்கொண்டு பிரிகிறவர்களின் வழக்கைக் கூண்டும் குறுக்கு விசாரணையும் இல்லாமல் ஒரு மாவட்ட அலுவலர் முடிக்கக் கூடும் என்பதற்கு எழுபது ஆண்டுச் சான்று நம் பக்கத்துத் தீவிலேயே கிடக்கிறது.

இப்போது கனமான எதிர்ப்புக்கு வருகிறேன். வக்கீல் இல்லையென்றால் பலவீனமானவர் ஏமாறுவார், அதுவும் பெண் ஏமாறுவாள் என்பது அது. "நகை எதுவும் வர வேண்டியதில்லை, ஜீவனாம்சம் வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர் வாய்க்குப் பயந்து கையெழுத்துப் போட்டுவிடுவாள். இந்தப் பயம் வீண்பயம் இல்லை. ஆனால் வக்கீல் இருந்தால் அது நீங்கிவிடும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இரு தரப்பின் கூட்டு மனுவும் ஒரே அலுவலகத்தில், கட்டணம் கொடுப்பவரின் சொற்படி தட்டச்சாவது யாருக்கும் தெரியாத ரகசியமா? அவளைக் காக்க வேண்டியவர் நீதிபதி. சம்மதம் வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கப்படவில்லை என்று நீதிமன்றம் தானே திருப்தி அடைய வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டளையிடுகிறது. தனியே அழைத்து, கணவர் இல்லாதபோது, அவளுக்குப் புரியும் பேச்சில் நாலு கேள்வி கேட்டால் பாதி தெரிந்துவிடும். மீதிக்கும் கருவி இருக்கிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் ஜீவனாம்ச வழக்குகளுக்காக வருமானம், சொத்து, கடன் மூன்றையும் சத்தியப் பிரமாணமாகச் சொல்லும் படிவத்தையே உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்தது. ஒப்புதல் வழக்கிலும் இருவரிடமும் அதைக் கட்டாயம் வாங்க வேண்டும். குழந்தையின் பராமரிப்பைத் தாய் விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டாலும் குழந்தையின் உரிமை போவதில்லை என்பதை மனுவிலேயே அச்சடித்து வைக்கலாம். இதே காரணத்தால்தான் ஆறு மாதக் காத்திருப்பைக் கண்ணை மூடிக்கொண்டு ரத்து செய்வதை நான் ஆதரிக்கவில்லை. அம்மா வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம்" என்று திரும்பி வர அவளுக்கு இருக்கும் ஒரே இடைவெளி அது.

எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளாத வழக்கு வேறு. கொடுமை என்றும் கைவிட்டார் என்றும் குற்றம் சாட்டி மெய்ப்பிக்க வேண்டிய இடத்தில், எதிரே ஒரு வக்கீல் குறுக்கு விசாரணை செய்ய நிற்கும்போது, தனியாகப் போய் நிற்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 1984 சட்டத்தின் 13-வது பிரிவு இருவரையும் சமமாக வக்கீல் இல்லாமல் நிறுத்த நினைத்தது; ஒருவருக்கு மட்டும் வக்கீல் இருக்கும் கூடத்தில் அந்தப் பிரிவு மற்றவருக்குத் தண்டனையாகிவிடுகிறது. ஆனால் வக்கீல் வேண்டும் என்பதற்கும் பணம் கொடுத்து வைக்க வேண்டும் என்பதற்கும் நடுவே 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 12-வது பிரிவைப் படித்துவிட்டு நீலகிரியைப் பாருங்கள். பெண்ணா, வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் இலவச வக்கீல். பட்டியல் சாதியா, பழங்குடியா, அவர்களுக்கும். தொழில்துறைத் தொழிலாளி என்ற வகையில் தோட்டத் தொழிலாளிக்கும். இந்த மலையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விவாகரத்துக்கு வக்கீல் கட்டணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாதவர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு வெள்ளைத்தாள் மனு போதும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் போதும். இலவச வக்கீல் அக்கறையாகப் பார்ப்பாரா என்று கேட்பார்கள். சிலர் பார்ப்பார்கள், சிலர் பார்க்க மாட்டார்கள். காசு கொடுத்து வைத்தவர்களைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள். கொடுத்த வக்கீலைப் பிடிக்கவில்லை என்றால் ஆணைக்குழுவிடமே எழுதி வேறொருவரைக் கேட்கலாம். வழக்கு நடத்தும் செலவையும் இடைக்கால ஜீவனாம்சத்தையும் கணவரிடமிருந்தே கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவு இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இங்கிலாந்தில் நடந்தது நமக்கு எச்சரிக்கையாக இருக்கலாம். 2013 ஏப்ரலில் பெரும்பாலான குடும்ப வழக்குகளுக்கு இலவசச் சட்ட உதவியை அங்கே நிறுத்தினார்கள். வக்கீல் இல்லாமல் தானே வாதாடும் தாய் தகப்பன்மார் நீதிமன்றங்களில் பெருகினார்கள். குழந்தை யாரிடம் இருப்பது என்ற சண்டையில் ஒருவரை ஒருவர் குறுக்கு விசாரணை செய்யும் அவலம் வந்தது. 2022 ஏப்ரலில் இன்னொன்று செய்தார்கள்: குற்றம் சாட்டாத விவாகரத்தைக் கொண்டு வந்து, இருவரும் சேர்ந்து இணையத்தில் படிவம் நிரப்பி, ஏறக்குறைய இருபத்தாறு வாரம் காத்திருந்து முடித்துக்கொள்ள வழி செய்தார்கள். முதலாவது வக்கீலை எடுத்தது, அவர் இருந்த இடத்தில் ஒன்றும் வைக்கவில்லை. இரண்டாவது வக்கீலுக்கு வேலையே இல்லாதபடி வழியைச் சுருக்கியது.

எளிதாக்கினால் குடும்பங்கள் சிதறும் என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிரிவது முத்திரைத்தாளில் ஏற்கெனவே எளிதாகத்தான் இருக்கிறது. சட்டப்படி பிரிவதுதான் கடினமாக இருக்கிறது.

அப்படியானால் உதகையில் என்ன செய்யலாம்? பெரிய சட்டத்திருத்தம் எதுவும் வேண்டாம். நீதிமன்றத்தில் ஓர் உதவி மேசை. கலிபோர்னியாவில் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றத்திலும் குடும்ப வழக்குகளுக்கென்று எந்தப் பக்கமும் சாயாத ஒரு சட்ட உதவியாளர் இருக்கிறார். படிவம் நிரப்பக் காட்டிக்கொடுப்பார், யாருக்காகவும் வாதாட மாட்டார். நம்மிடம் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். கணினி வழித் தாக்கலில் தடுமாறுகிறவர்களுக்கு அந்த மேசையே ஸ்கேன் செய்து தர வேண்டும். பதினாறு எழுத்துள்ள வழக்கு எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்து, செல்போனில் அடுத்த வாய்தா தேதி பார்ப்பது எப்படி என்று காட்ட வேண்டும். தேதி தள்ளிப்போனால் முந்தின நாள் மாலைக்குள் குறுஞ்செய்தி போக வேண்டும், விடியற்காலை பஸ் ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை. ஒப்புதல் மனுக்களை மாதத்தில் ஒரு குறித்த நாளில், தாலுகா நீதிமன்றக் கூடங்களிலிருந்து காணொலியில் எடுக்க வேண்டும். நேரில் வரச் சொன்னால் வருகிறவர்களுக்கு உட்கார இடமும் கழிப்பறையும் வேண்டும்; உதகையின் புதிய நீதிமன்ற வளாகத்தில் பெண் வழக்கறிஞர்களுக்கே கழிப்பறை வசதி போதவில்லை என்ற புகார் 2023-ல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வழக்கறிஞர்களின் நிலை அதுவென்றால், கைக்குழந்தையோடு பந்தலூரிலிருந்து வருகிறவளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மேசையில் வைக்கும் படிவத்தின் முதல் கேள்வி பெயராகவோ முகவரியாகவோ இருக்க வேண்டாம். திருமணம் எந்த முறையில் நடந்தது, இருவரும் எந்தச் சமூகம் என்று முதலில் கேட்க வேண்டும். இந்துவென்றால், சுயமரியாதைத் திருமணமானாலும், 13-பி. கிறிஸ்தவரென்றால் 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஏ. முஸ்லிம் பெண் குலா (மனைவி கேட்கும் மணவிலக்கு) கேட்டு வந்தால், தனியார் அமைப்பு தரும் சான்று செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போ என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னதை எடுத்துச் சொல்ல வேண்டும். பழங்குடி என்று பதில் வந்தால் படிவத்தை அங்கேயே மூடிவிட்டு, எழுந்து, அடுத்த அறையில் இருக்கும் இலவச வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எதிர்த்தரப்பு ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்கிறவர்களையும் அப்படித்தான்.